இரண்டாம் தவணை நிறைவும் அருங்காட்சியகப் பயணமும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை இனிதே நிறைவடைகிறது. பேச்சுப் போட்டியில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். எழுத்துத் தேர்வுப் பெறுபேறுகளும் கலைவிழாவும் மனநிறைவளித்தன. உழைத்த அனைவருக்கும் நன்றி.

இத்தவணையில் ஆறாம் வகுப்பு மாணவர்களை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடங்களுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தமிழ்ப் பாடசாலைக்கு எகிப்தில் என்ன வேலை என்று ஒரு தந்தை கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான். செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறைமுகத்தில் 'பானை ஒறி' (உறியில் தொங்கும் பானை) என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்திருப்பதையும், அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட மன்னர் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில் மூக்குத் துளைகளில் மிளகு இருந்ததையும் சொன்னேன். அதன் பின்னர் அவரே துணைக்கு வந்தார்.

துணைக்கு வந்த பெற்றோர் குறித்தே இக்கடிதத்தில் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது.

64ஆம் கூடத்தில் கெபெலைன் மனிதரின் உடல் இருக்கிறது. ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்னர் சுடுமணலில் புதைக்கப்பட்டதால், எவரும் பதப்படுத்தாமலே உலர்ந்து நிலைத்த உடல் அது. முதுகில் குத்தப்பட்டு இறந்த இளைஞர் அவர் என்பது 2012இல் வெளியான ஊடுகதிர்ப் பரிசோதனையில் தெரியவந்தது. வழிகாட்டி இதைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெற்றோர் சிலர் பேழையின் முன் நின்று தம்படம் எடுத்தனர். ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியும் படம் எடுக்கப்பட்டது. வேறு சிலர் திரைப்படங்களில் வரும் மம்மிச் சாபக் கதைகளைச் சொல்லிச் சிறுவர்களைப் பயமுறுத்தினர்.

இதன் விளைவு பயிற்சித்தாள்களில் தெரிந்தது. உடலைப் பதப்படுத்தும்போது மூளையை அகற்றிய எகிப்தியர் இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டது ஏன் என்பது ஒரு வினா. மறுமையில் நீதியின் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிரே இதயம் நிறுக்கப்படும், கனத்தால் முதலைத் தலை கொண்ட அம்மித் அதனை விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையை வழிகாட்டி அழகாக விளக்கியிருந்தார். பலரின் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. சிலர் 'சாபம்' என்று எழுதியிருந்தனர்.

நினைவுக்காகப் படம் எடுக்கும் ஆசையை நான் அறியாதவனல்லன். ஆயினும் அங்கே கிடப்பது ஒரு மனிதரின் உடல். நம் வீட்டுச் சாவில் எவரும் செய்யத் துணியாததை அங்கும் செய்யலாகாது. அடுத்த பயணம் முதல், துணைக்கு வருவோரின் கைத்தொலைபேசிகள் கூடங்களுக்குள் பையிலேயே இருக்க வேண்டும். அவசர அழைப்புகளை ஆசிரியர்கள் கவனித்துக்கொள்வார்கள். இதற்கு உடன்படாதவர்களை அழைத்துச் செல்ல இயலாது. இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

உங்களில் பெரும்பாலோர் இதற்கு இடம் வைக்கவில்லை என்பதை நன்கறிவேன். நெரிசல் மிகுந்த சுரங்க ரயிலில் ஒரு பிள்ளையையும் தவறவிடாமல் கொண்டுவந்து சேர்த்தது நீங்கள்தான். நெபாமுனின் கல்லறை ஓவியத்தின் முன், பறவைகளின் மேல் பாயும் பூனையைக் காட்டி, கோயில் தானியங்களைக் கணக்கெடுத்த எழுத்தரான நெபாமுனின் கதையைத் தமிழிலேயே சொன்ன தாயாரைச் சுற்றி நின்ற பிள்ளைகள் நகர மறுத்தார்கள். அவருக்கும் உங்கள் அனைவருக்கும் பாடசாலையின் நன்றி.

ஐந்தாம் வகுப்பினரின் பயணம் அடுத்த தவணையில் நடைபெறும். ஒப்புதல் படிவத்தை விடுமுறைக்குப் பின் வரும் முதற் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் தந்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்