மிச்சம் இரண்டு தொகுதி: அனிமே தயாரிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். எந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, அனிமே என்ற அசைபடத் தொடராக வர வேண்டும், எது 12 வாரத்தோடு நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் நீங்கள். பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பலர் சேர்ந்து பங்கு போட்டுப் பணம் திரட்டுகிறீர்கள். நஷ்டம் வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறீர்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் நான் உயிராக நினைக்கும் தொடர்களில் பாதி வந்தே இருக்காது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், உங்கள் தொடர்களைப் பார்த்துவிட்டு நான் யோசிப்பதும் கலங்குவதும் தமிழில்தான். யாராவது ஒருவர் மொழிபெயர்த்து உங்களிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் 'கேர்ள்ஸ் லாஸ்ட் டூர்' என்று சொல்லும் தொடரை எடுத்து முடியுங்கள். 2017 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்த அந்த 12 பகுதிகள், ட்சுகுமிசு வரைந்த ஆறு தொகுதிகளில் நான்கை மட்டும்தான் சொல்லின. மீதி இரண்டு தொகுதி அப்படியே நிற்கிறது. அப்புறம், 'யோகோஹாமா கைதாஷி கிகோ'வை முழுத் தொடராக எடுங்கள். ஆஷினானோ ஹிதோஷி 1994 முதல் 2006 வரை 'ஆஃப்டர்நூன்' இதழில் 14 தொகுதி அளவுக்கு எழுதிய கதை அது. அனிமேயாக வந்தது 1998இல் இரண்டு பகுதி, 2002இல் தொடங்கி இன்னொரு இரண்டு பகுதி. அதுவும் வீடியோ வெளியீடாக. அவ்வளவுதான்.

இரண்டுமே உலகம் முடிந்த பிறகு நடக்கும் கதைகள். இரண்டிலும் வில்லன் கிடையாது, உலகத்தைக் காப்பாற்றுகிற ஆளும் கிடையாது. இந்த மாதிரிக் கதைக்குப் பார்வையாளர்கள் வருவார்களா என்ற கேள்வி உங்கள் மேசையில் கட்டாயம் எழும். வருவார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பேரழிவுக் கதையின் ஈர்ப்பு பேரழிவில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 1988இல் வந்த 'அகிரா' படம் சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளை அரைக்கோளம் டோக்கியோவை விழுங்குவதோடுதான் தொடங்குகிறது. அந்தக் காட்சியை யாரும் மறக்க மாட்டார்கள், சரி. ஆனால் 'எவாஞ்சலியன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பாதிப்பேர் செத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கதை நடக்கிறது. அந்தச் சாவை நாம் அன்றாடம் உணர்வது சிள்வண்டுச் சத்தத்தில். பருவங்கள் அழிந்து ஜப்பானில் வருடம் முழுக்கக் கோடை. மார்கழி என்றாலும் சிள்வண்டு கத்திக்கொண்டே இருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த கடைசி எவாஞ்சலியன் படத்திலும் ராட்சத இயந்திரச் சண்டைகள் உண்டு. ஆனால் படம் முடிந்து பல நாள் என் மனதில் நின்றது நாற்று நடவு. மிஞ்சிய மனிதர்கள் சேர்ந்து அமைத்த மூன்றாம் கிராமத்தில், தொடரின் நாயகிகளில் ஒருத்தியான ரெய் போலவே இருக்கும் பெண் வயதான பெண்களோடு சேற்றில் இறங்கி நடவு நடுகிறாள். 'காலை வணக்கம்' என்றால் என்ன என்று கேட்கிறாள். இன்றைக்கும் சேர்ந்து வாழலாம் என்பதற்கான மந்திரம் மாதிரி என்று அவளுக்குச் சொல்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து நாற்றைப் பிரித்து ஊன்றும் அந்த வேலையை எத்தனையோ முறை நேரில் பார்த்தவன் நான். உலகம் முடிந்த பிறகு அதையே பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் படம் ஜப்பானில் ஆயிரம் கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முடிந்துபோன உலகத்தில் ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கைக்கு வருகிறது. அதுதான் எங்களை இழுக்கிறது. இதை நான் அனிமேயில் கற்றுக்கொள்ளவில்லை.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் சென்னைக்கு அருகே முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டுக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார்கள். எட்டுப் பேர், ஒன்றரைக் கேன் தண்ணீர், ஆறு மெழுகுவர்த்தி. மின்சாரம் இல்லை, போன் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரை யாரும் கீழே கொட்டவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் வெயில் வந்தபோது கீழ்வீட்டுத் தம்பி தன்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தான். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று மாலை வரை அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் அந்தக் கோடு போகவில்லை. அதைவிட மோசம், மழைச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. ராத்திரி மழை பிடித்தால் எழுந்து போய்ப் படிக்கட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

'கேர்ள்ஸ் லாஸ்ட் டூர்' பற்றி எனக்குச் சொன்னது அந்தத் தம்பிதான். அப்போது அவன் கல்லூரியில் முதல் வருடம். ஐந்தாம் பகுதியைச் சேர்ந்து பார்த்தோம். கதையின் நாயகிகளான சிட்டோவும் யூரியும் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். யூரியின் ஹெல்மெட்டில் ஒரு சொட்டு விழுந்து டங் என்கிறது. உடனே காலி டப்பாக்களையும் பாட்டில்களையும் தேடி அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுருதி. இசை என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத இரண்டு பெண்கள், ஆளே இல்லாத நகரத்தில், மழையை வைத்துப் பாட்டு உண்டாக்குகிறார்கள். சொட்டுகள் மெல்லக் கூடிக் கூடி அப்படியே அந்தப் பகுதியின் நிறைவுப் பாடலாகின்றன. இரண்டு வருடமாக என்னை எழுப்பிக்கொண்டிருந்த சத்தம் அது. அதை உட்கார்ந்து முழுதாகக் கேட்க முடிந்தது. அன்றைக்குப் பிறகு மழை எனக்கு மறுபடி மழையானது. இதற்காக உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அந்தத் தொடரில் என் மனதை அசைக்காத பகுதி கிடையாது. முன்பக்கம் மோட்டார் சைக்கிளாகவும் பின்பக்கம் டாங்கிச் சங்கிலியாகவும் இருக்கும் கெட்டன்கிராட் வண்டியில், அடுக்கடுக்கான அந்த இரும்பு நகரத்தில் அவர்கள் மேலே மேலே போகிறார்கள். வெந்நீர்க் குழாய் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்குக் குளியல். கிழங்கு மாவு கிடைத்தால் அன்றைக்குச் சமையல். வரைபடம் வரைவதற்காகவே உயிர் வாழும் கனசாவா தன் வரைபடங்களை எல்லாம் ஒரே நொடியில் உயரத்திலிருந்து பறிகொடுக்கிறான். இஷீ வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகக் கட்டிய விமானம் வானத்திலேயே உடைகிறது. பாராஷூட்டில் இறங்கும்போது அவள் முகத்தில் இருப்பது சிரிப்பு. கடைசிப் பகுதியில் ஒரு கேமரா. அதற்குள் அதை முன்பு வைத்திருந்தவர்களின் வாழ்க்கை எல்லாம் பதிவாகி இருக்கிறது. இத்தனை பேர் இருந்தார்களா என்று இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தொடர் அங்கே நின்றுவிட்டது. மேல்தளத்துக்கு அவர்கள் இன்னும் போகவில்லை.

'யோகோஹாமா கைதாஷி கிகோ' இன்னும் மெதுவானது. ஆல்ஃபா என்ற ரோபோப் பெண் மியூரா தீபகற்பத்தில் ஒரு சின்ன காபிக் கடை நடத்துகிறாள். முதலாளி எங்கோ போய்விட்டார். கடல் வருடா வருடம் ஏறுகிறது. வாடிக்கையாளர் வராத நாள்தான் அதிகம். காபிக் கொட்டை தீர்ந்தால் ஸ்கூட்டரில் யோகோஹாமா போய் வாங்கி வருகிறாள். மாலையில் கடற்காற்று அடங்கி நிலக்காற்று கிளம்பும் முன் கொஞ்ச நேரம் இலைகூட அசையாமல் இருக்குமே, அந்த நேரத்தின் பெயரைத்தான் ஆஷினானோ மனித குலத்தின் கடைசிக் காலத்துக்கு வைத்திருக்கிறார். மூழ்கிய ஊரின் தெருவிளக்குகள் இருட்டும் நேரத்தில் தண்ணீருக்கு அடியில் எரிவதை ஆட்கள் கரையில் நின்று பார்க்கும் ஒரு காட்சி வரும். கடலோர மாவட்டத்துக்காரர்கள் யாரிடமாவது அந்தப் பக்கத்தைக் காட்டிப் பாருங்கள், எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

இந்தக் கதைகள் உங்கள் நாட்டில் பிறப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் எரிந்த டோக்கியோ, 1945 மார்ச் 10இல் குண்டு வீச்சில் மறுபடி எரிந்தது. இடையில் 22 வருடம்தான். முதல் தீயில் குழந்தையாக ஓடியவர்கள் இரண்டாவது தீயில் தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. பிறகு மினமாட்டா. பாதரசக் கழிவு கலந்த அந்த விரிகுடாவில் மீன்பிடிப்பு நின்றுபோக, நஞ்சை உடம்பில் வாங்கிக்கொண்டே மீன்கள் மறுபடி பெருகின. இயக்குநர் மியாசாகியை உலுக்கிய செய்தி அது, அவருடைய 'நௌசிகா' படத்துக்கு ஒரு வித்து. அந்தப் படத்தில் நௌசிகா நிலவறைக்குள் ரகசியமாக நச்சுக்காட்டுச் செடிகளை வளர்ப்பாள். ஆழ்கிணற்று நீரும் அதன் அடியிலிருந்து எடுத்த மணலும் கொடுத்தால் அதே செடி நஞ்சைக் கக்குவதில்லை. விஷம் மண்ணில் இருந்தது, அதில் மனிதன் கலந்தது. இதை ஒரு சின்னப் பெண் தோட்ட வேலை செய்து கண்டுபிடிக்கிறாள்.

அணு உலை விபத்துக்குப் பிந்தைய டோக்கியோவைக் காட்டும் 'காப்பெலியன்' தொடர் 2010இல் அறிவிக்கப்பட்டு, 2011 ஃபுகுஷிமாவுக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டு, 2013இல்தான் வந்தது. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். வலியில் இருக்கிறவர்கள் முன்னால் வலியைப் போட்டுக் காட்ட நேரம் காலம் உண்டு. ஆனால் நான் கேட்கும் இரண்டு கதைகளும் வலியைக் கிளறுபவை அல்ல. வெள்ளம் வந்துபோன வீட்டுக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு அவை துணை.

வேலையும் ஒரு துணைதான். 'டாக்டர் ஸ்டோன்' கொஞ்சம் ஆர்ப்பாட்டமான தொடர். ஆனால் அதிலும் எனக்குப் பிடித்தது, 3,700 வருடம் கல்லாகிக் கிடந்து விழித்த செங்கூ முதல் காரியங்களில் ஒன்றாகச் சோப்புத் தயாரிப்பதுதான். மருத்துவர் இல்லாத உலகத்தில் நோயைத் தடுக்கும் கல் என்று அதற்கு அவன் வைக்கும் பெயர்தான் 'டாக்டர் ஸ்டோன்'. பிறகு ஒரு காட்டுப் புல்லை அரைத்து நூடுல்ஸ் செய்து ஊரையே தன் பக்கம் இழுக்கிறான். அந்தப் புல் நம் தினையின் காட்டு மூதாதை. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்கும் ஊர்க்காரனுக்கு அந்தக் காட்சி எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று பாருங்கள்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். மாங்காவின் விற்பனையைக் கூட்ட அனிமே எடுப்பது வழக்கம். 'கேர்ள்ஸ் லாஸ்ட் டூர்' மாங்கா 2018 ஜனவரியில் முடிந்துவிட்டது, முடிந்த கதைக்கு எதற்கு விளம்பரம் என்று தோன்றலாம். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் முடிந்த 'கிசெய்ஜூ' மாங்காவை 2014இல் தொடங்கி 24 பகுதிகளாக எடுத்தீர்கள். அதுவும் 'ஆஃப்டர்நூன்' கதைதான். 2006இல் முடிந்த 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' 2019 முதல் 2021 வரை 63 பகுதிகளில் முழுதாக வந்தது. முடிந்த கதைக்கு முடிவு தெரியும், அவசரமாக இட்டுக்கட்ட வேண்டியதில்லை. 2025இல் வந்த 'அபோகலிப்ஸ் ஹோட்டல்' மாங்கா பலம்கூட இல்லாத சொந்தக் கதை. மனிதர்கள் பூமியை விட்டுப் போய் நூறு வருடம் ஆன பிறகும், யாச்சியோ என்ற ரோபோ டோக்கியோவின் கின்சாவில் தன் ஹோட்டலைத் துடைத்து மெருகேற்றி விருந்தாளிக்காகக் காத்திருக்கிறாள். அதை எடுக்கத் துணிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் பேசவிடுங்கள்.

எடுக்கும்போது ஒன்று மட்டும். கதையில் இல்லாத வில்லனைக் கொண்டுவராதீர்கள். வண்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும் இரண்டு நிமிடத்தை வெட்டாதீர்கள். முடிந்தால் தமிழில் சப்டைட்டிலாவது கொடுங்கள். நான் பார்த்தவரை தமிழுக்கு வருபவை பெரும்பாலும் சண்டைத் தொடர்கள்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிப் பார்க்கக்கூடியது ஆல்ஃபாவின் காபிக் கடை.

கீழ்வீட்டுத் தம்பி இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். நல்ல மழை பெய்தால் போன் வரும். "அண்ணா, மீதி வந்துச்சா?" என்பான். கடைசி இரண்டு தொகுதியும் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிட்டுப் போ என்று பல தடவை சொல்லிவிட்டேன். வேண்டாம் என்கிறான்.

"புத்தகத்துல சத்தம் வராதுண்ணா."

அன்புடன்,
முடிச்சூரிலிருந்து ஒரு ரசிகன்