சல்லடையைப் பற்றி நீ சொன்னது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "கொழுப்பு படிஞ்ச ஈரலுக்கு ரத்தக்குழாயை எதுக்கும்மா ஆராயறே, கொழுப்பையே பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்டேன், நீயும் பொறுமையாக விளக்கினாய். ராத்திரி படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது, முப்பது வருஷம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் நான் பார்த்ததே சல்லடைதானே.

ஈரலின் நுண்குழாய்ச் சுவரெல்லாம் துளைகள், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றாய். நம் ஆலையில் அரைத்த குச்சிக்கிழங்குப் பால் கீழே இறங்கும், திப்பி மேலே நிற்கும், சல்லடைக் கண் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சினால் போதும். ஈரலில் அப்படியில்லை, சல்லடையே மாறிப்போகிறது: துளைகள் மூடிக்கொள்கின்றன, கொழுப்பேறி வீங்கிய செல்கள் பக்கத்திலிருந்து நெருக்குகின்றன, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் வெயின் வழியாகத்தான் வருகிறது, அதில் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? ஈரலில் தழும்பு விழுவதற்கு முன்பே இதெல்லாம் தொடங்கிவிடலாம் என்று நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காரணம் இருக்கிறது. போன வருஷம் ஸ்கேனில் எனக்கு கிரேடு 2 கொழுப்பு ஈரல் என்று வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. "குடிப்பழக்கம் இல்லையே, இது இப்ப எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நானும் ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். தப்புதான். "மது சாராத கொழுப்பு ஈரல்" என்று சொல்லிவந்த பெயரை 2023-ல் வளர்சிதை மாற்றத்தோடு சேர்த்து மாற்றினார்கள் என்று நீ சொன்னாயே, 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிற எனக்கு அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது.

எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்தால் ஈரல் தேறும் என்றாய் இல்லையா, நான் 82 கிலோ, எட்டு கிலோ இறக்க வேண்டும். சாயங்காலத் தட்டுவடை செட்டை நிறுத்தி இன்றோடு நாலு நாள். ஏற்காட்டுக் காபி மட்டும் உண்டு, சர்க்கரை போடாமல். காபி குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்று நீயேதான் சொன்னாய், அதனால் அதை விடச் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை பைப்ரோஸ்கேன், அதான் ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், எடுக்கப் போகிறேன். ரிப்போர்ட் முதலில் உனக்குத்தான் வரும். அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா