யாருக்கு, எத்தனையாவது நாளில் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், கொரோனாவில் உயிர் காத்த மலிவு மாத்திரை என்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து) பற்றி நாலு வரி வந்திருந்தது. எழுதியது பொய்யில்லை. ஆனால் அது யாருக்கு, எப்போது என்பதை விட்டுவிட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் இருந்த அம்மா, "இருமல் ஆரம்பிச்ச அன்னிக்கே ஒண்ணு போட்டுடுவேன், வீட்ல ரெண்டு அட்டை வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் நாலு வரியை யாரோ அவருக்குப் போனில் அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு 2021 ஜூலை ஞாபகம் வந்துவிட்டது. என் அக்கா வீட்டுக்காரர் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, மூச்சு நன்றாக இருக்கும்போதே, தெரிந்தவர் கொடுத்த இதே மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார். பல வருடச் சர்க்கரைக்காரர் வேறு, ஸ்டீராய்டோ சர்க்கரையை ஏற்றிவிடும். நாலாம் நாள் காலை சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. கடைசியில் கொரோனாவுக்கு ஆஸ்பத்திரி போகாதவர் சர்க்கரைக்காகப் போய்ப் படுத்தார். பிழைத்துக்கொண்டார், சரி, ஆனால் அது தேவையா?

இந்த மாத்திரையின் கதை தெளிவானது. பிரிட்டனில் 'ரெக்கவரி' என்ற பெரிய ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த 6,425 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி கம்ப்யூட்டரே இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கத்துக்கு வழக்கமான சிகிச்சையோடு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். இன்னொரு பக்கத்துக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2020 ஜூன் 16 அன்று முடிவைச் சொன்னார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 41 என்றிருந்தது 29 ஆனது. ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் 26 என்பது 23 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து வாங்காதவர்களில் 100க்கு 14 பேர் இறக்க, வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 18 பேர் இறந்தார்கள். இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் பலன் இருந்ததற்கு அடையாளமே இல்லை. காரணமும் புரிகிறதுதானே, முதல் சில நாள் வைரஸோடு மோதுவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, அப்போது போய் ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் கையைத்தான் கட்டுகிறோம். அப்புறம் அதே எதிர்ப்புச் சக்தி அளவு மீறி நுரையீரலையே வீங்கவைக்கும்போதுதான் இந்த மருந்துக்கு வேலை.

பாக்ஸ்லோவிட் என்ற இன்னொரு கொரோனா மாத்திரை இதற்கு நேர் எதிர். அது வைரஸ் பெருகுவதைத் தடுக்கிற மருந்து, அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றை முந்திக்கொண்டு சாப்பிட்டால் தப்பு, இன்னொன்றைத் தள்ளிப்போட்டால் தப்பு, இதை நாலு வரியில் எப்படிச் சொல்வீர்கள்?

ஐவர்மெக்டின் என்ற பூச்சி மாத்திரை கொரோனாவைக் குணமாக்கும் என்று நம்பி நடந்த கூத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள், ஆட்டுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தைக்கூட மனிதர்கள் தேடி அலைந்தார்கள். 2021 ஜனவரியில் எங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. நம்பிக்கை கொடுத்த முக்கியமான எகிப்து ஆய்வு ஒன்று அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த 'டுகெதர்' ஆய்வு 2022இல் வெளியானது, ஆஸ்பத்திரி சேர்க்கை குறையவில்லை. ஒரு மாத்திரையைத் தூக்கிவிட்டதும் இன்னொன்றைக் கீழே இறக்கியதும் இந்தச் சீட்டுக் குலுக்கல் முறைதான், பக்கத்து வீட்டுக்காரர் குணமானார் என்ற பேச்சு இல்லை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் கூழ் வரிசையில் முடிந்தவரை சொன்னேன், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ரெண்டு அட்டையை என்ன பண்றது?" என்றார். கெமிஸ்ட் கடையில் கொடுத்துவிடச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கியதாம், யோசிக்கிறேன் என்றார். அடுத்த இதழிலாவது ஒரு திருத்தம் போடுங்கள், அதை நானே அவருக்குப் போனில் அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்