சமையற்கலைப் பாடத்தில் சேலத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமுதாயக் கல்லூரியில் சமையற்கலை படிக்கும் என் மகள், வெங்காயத்தைச் சீராக நறுக்கவும் வெள்ளை சாஸைக் கட்டிதட்டாமல் காய்ச்சவும் நன்றாகவே கற்றுவிட்டாள். ஆனால், இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துத் தரும் நம் ஊர்த் தட்டுவடை செட்டு அவள் பாடத்தில் எங்கும் இல்லை. மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் நிறைந்த இம்மாவட்டத்தில், அந்த ஜவ்வரிசியைக் குழையாமல் வேகவைக்கும் பக்குவத்தைக்கூட அவள் பாட்டியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஏற்காட்டு விடுதிகளில் வேலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு, அந்த மலையில் விளையும் காப்பிக்கொட்டையைப் பதமாக வறுத்துப் பழக்க வேண்டாமா? உள்ளூர்த் தேவைக்கேற்ற திறனைக் கற்பிக்கவே சமுதாயக் கல்லூரிகள் ஏற்பட்டன என்பதால், பாடத்திட்டம் வகுக்கும்போது அனுபவமுள்ள உள்ளூர்ச் சமையற்காரர்களுடனும் கலந்தாலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.