டிசம்பர் 7 விட்டுப்போச்சு

பாப்பா,

சுசீலாம்மா பிறந்தநாளுக்கு நீ எழுதி அனுப்பிய வாழ்த்தை அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் தேன்குரல், இசைக்குயில், கானசரஸ்வதி என்று வரிக்கு வரி வருகிறதே, பெயரை எடுத்துவிட்டு எந்தப் பாடகி பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும். அவர் என்ன செய்தார் என்று ஒரு இடத்திலாவது சொல்லேன்.

ஆந்திரத்து விஜயநகரத்தில் 1935-இல் பிறந்தவர். வீட்டில் பேசியது தெலுங்கு. பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கியவர் அவர்தான், 'உயர்ந்த மனிதன்' படத்தில் வரும் 'நாளை இந்த வேளை பார்த்து' பாட்டுக்கு. அதன் முதல் வரியை மட்டும் ஹெட்போன் போட்டுக் கேள். நாளை, வேளை இரண்டிலும் நாக்கு மடங்கி ளகரம் விழும். அடுத்தாற்போல 'நிலா' வரும்போது லகரம் நுனிநாக்கில் நிற்கும். நான் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தும் பாதிப் பிள்ளைகளுக்கு வராத விஷயம் இது! அதை எழுது. கின்னஸ் கணக்கு 17,695 பாட்டு என்று ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறாய், அதைக் கீழே தள்ளு.

இன்னொன்று. சுசீலாம்மாவின் நவம்பர் 13-ஐ ஞாபகம் வைத்திருக்கிற உனக்கு டிசம்பர் 7 எப்படி விட்டுப்போச்சு? பாடகி எல்.ஆர்.ஈஸ்வரி பிறந்தநாள், பாப்பா.

ஆடியில் நம் தெரு மாரியம்மனுக்குச் செடல் திருவிழா என்றால், விடியக்காலை மைக்செட்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி முதலில் போடுவது யாரை? அலகு குத்துகிற இடத்தில் பம்பைச் சத்தத்தையும் மீறிக் கேட்பது யார் குரல்? கூழ் வாங்க நிற்கிற பொம்பளைகள் ரெண்டு பேருக்காவது அந்தக் குரலிலேயே சாமி வந்துவிடும். லூர்துமேரி ராஜேஸ்வரி என்று பெயர் வைத்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை பாடியது என்று எங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "அதனால என்ன, அவளுக்குத் தெரியாதா எவ பாடுறான்னு" என்றார்கள். அவள் என்றது அம்மனை!

அதே ஆள்தான் 1961-இல் 'பாசமலர்' படத்தில் 'வாராய் என் தோழி' பாடினார். கடலூரில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மணப்பெண் மேடைக்கு வருகிற நேரத்தில் அதுதான். அப்புறம் 'எலந்தபயம்'. கல்யாண வீடு, கூத்து, கோயில் மூன்றுக்கும் ஒரே தொண்டை. குத்துப்பாட்டுக்காரி என்று ஒதுக்கிவைத்து சுசீலா, ஜானகியோடு நிறுத்திக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே.

நடிகைகளில் சாவித்திரிக்கு எழுதினால் பிறந்த வருஷத்தைத் தொடாதே, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மனோரமா ஆச்சிக்கு மே 26. நகைச்சுவை என்று மட்டும் எழுதாமல், பள்ளத்தூரில் வளர்ந்த ஆச்சி 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் சொந்தக் குரலில் பாடியதையும் சேர்.

இங்கே மழை விடவில்லை. துணி காயவில்லை, அவ்வளவுதான், வேறு குறை இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. திருத்தி எழுதியதும் அனுப்பு. போன தடவை படத்தைச் சுற்றிப் போட்டாயே, ஜிகினா மினுக்குகிற ரோஜாப்பூ, அது மட்டும் வேண்டாம்.

அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்