என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டாய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் பேசியபோது, வீட்டு விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். "அதை விடுங்கம்மா, நீங்க என்ன படம் பாத்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றாய். ஒரு படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நானும் போனை வைத்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

நான் சொன்ன படம் '3 பிஹெச்கே'. 2025இல் வந்தது. சரத்குமார், தேவயானி, சித்தார்த் நடித்தது. சொந்த வீட்டுக்காகப் பணம் சேர்க்கும் ஒரு குடும்பத்தின் கதை. கையில் ஒரு தொகை சேரும்போதெல்லாம் படிப்பு, வைத்தியம், கல்யாணம் என்று ஏதாவது ஒன்று வந்து அதைக் கொண்டுபோய்விடுகிறது. அப்பாவுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே. எனக்குப் பாதிதான் பிடித்தது. சரத்குமார் குரலை உயர்த்தாமல் அடக்கமாக நடித்திருக்கிறார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர்கள் அழுதே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களைப்போல் துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்குகிறார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது தந்தையின் ஆசை. அந்த ஆசை மகனின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வதைப் படம் பார்க்கிறது, பார்த்த பிறகும் தந்தையைக் கடிந்துகொள்ள அதற்கு மனம் வரவில்லை. டெக்சாஸில் வீடு வாங்கப் போகிறாய் என்று உன் அப்பா மார்க்கெட் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொன்னார் என்பதற்காக நீ எதையும் செய்ய வேண்டியதில்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்வதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

வீட்டைப் பற்றிய படம் என்றால், என்னைப் பொறுத்தவரை பாலு மகேந்திராவின் 'வீடு' ஒன்றுதான். 1988இல் வந்த அந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. தாத்தாவின் வளசரவாக்கம் மனைகள் இரண்டில் ஒன்றை விற்று, மற்றொன்றில் வீடு கட்டத் தொடங்குகிறாள் ஒரு பெண். அவ்வளவுதான் கதை. வங்கியின் கடன் பிரிவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களின் முகம் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. சிமெண்டைத் திருடி விற்கும் ஒப்பந்தக்காரரையும், பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்க்கும் சொக்கலிங்க பாகவதரையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதவில்லை. கடைசியில், அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக்கொண்டு ஆள் வருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லையே என்று தோன்றும். கடன் பிரிவில் நாளாக நாளாக அந்தக் கோபம் போய்விட்டது. எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வீடு நின்றுபோனது உண்டு. சீவலப்பேரி ரோடு மனை விஷயம் உனக்கே தெரியும். வீடு நின்றுபோனால் அது கட்டியவருடைய தவறுதான் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு முறையும் கட்டிப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்.

இனி, வீடு வாங்குவதையும் புதுப்பிப்பதையும் காட்டும் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். பாப்பா பிறந்த சமயம் டெக்சாஸின் பிரிஸ்கோவில் உன்னோடு இருந்தபோது, குழந்தை தூங்கும் நேரத்தில் நானும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து பார்த்தவை. மருமகள் சிரிப்பாள்; சிரித்துக்கொண்டே அவளும் வந்து உட்காருவாள். இப்போதும் யூடியூபில் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன, பார்க்கிறேன். சமையல் மேடை கிரானைட்டா குவார்ட்ஸா என்று நீ என்னைக் கேட்டபோது நான் தயங்காமல் பதில் சொன்னதற்கு அந்த நிகழ்ச்சிகள்தான் காரணம். மேடைக் கல்லைப் பற்றி அம்மாவிடம் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, இத்தனை காலம் வீட்டுக் கடனையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பணத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அது போகட்டும்.

'ஹவுஸ் ஹன்டர்ஸ்' 1999இலிருந்து ஓடுகிறது. ஒரு குடும்பம், மூன்று வீடுகள், அரை மணி நேரத்தில் ஒரு முடிவு. கணவர் நகரத்துக்குள் வேண்டும் என்பார், மனைவி தோட்டம் வேண்டும் என்பார். இருவரும் குளியலறை ஓட்டின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அதில் கலந்துகொள்ளும் பலரும் முன்பே ஒரு வீட்டை முடிவு செய்தவர்கள் என்பதும், வேண்டாம் என்று ஒதுக்குவதற்காக மற்ற வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்பதும் 2012இல் வெளியே வந்தது. அதை ஒளிபரப்பும் அலைவரிசையும் அதைப் பெரிதாக மறுக்கவில்லை. வாங்கும் வேலையில் வெகுதூரம் வந்துவிட்ட குடும்பங்களையே தேடி எடுக்கிறோம் என்று சொன்னது. தெரிந்த பிறகும் எனக்கு அந்த நிகழ்ச்சி கசக்கவில்லை. பெண் பார்க்கும் சடங்கிலும் பல வீடுகளில் முடிவு முன்பே எடுத்ததுதானே. எனக்கு உறுத்துவது வேறு. நான் பார்த்தவற்றில், மூன்றையும் பார்த்துவிட்டு "இப்போது வேண்டாம், நம் நிலைமை சரியில்லை" என்று திரும்பிப் போன குடும்பம் ஒன்றுகூட இல்லை. என் மேசைக்கு வந்தவர்களில் அப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

'பிராப்பர்ட்டி பிரதர்ஸ்' என்ற இரட்டையர் நிகழ்ச்சி எனக்குப் பிடிக்காது. முதலில் எல்லாம் அமைந்த அழகான வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போகிறார்கள். வீடு தேடி வந்த பெண் ஆசைப்பட்டு அறை அறையாகப் பார்த்து முடித்த பிறகு, இதன் விலை உங்களுக்கு எட்டாது என்று சொல்கிறார்கள். பிறகு பழைய வீடு ஒன்றைத் தலையில் கட்டுகிறார்கள். இதை விளையாட்டு என்று யார் சொன்னது? 'லவ் இட் ஆர் லிஸ்ட் இட்' எவ்வளவோ மேல். பழைய வீட்டைப் புதுப்பித்துத் தருவேன் என்று ஒருவர், வேறு வீடு காட்டுகிறேன் என்று இன்னொருவர். இருவருக்கும் நடக்கும் வாய்ச்சண்டை சுவையாக இருக்கும். நடுவில் சுவரை உடைத்தால் உள்ளே பழைய மின்கம்பியோ நீர்க்கசிவோ இருக்கும், கேட்டதில் பாதி வேலை நின்றுவிடும். எதிர்பாராத செலவு என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த நிகழ்ச்சி ஒப்புக்கொள்கிறது. டெக்சாஸின் வேக்கோ நகரத்துத் தம்பதியின் 'ஃபிக்ஸர் அப்பர்' மருமகளுக்குப் பிடிக்கும் என்பதால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் காட்டும் சோபாவும் மேசையும் வீட்டோடு சேர்ந்தவை அல்லவாம், அதை மட்டும் அவளிடம் சொல்.

எந்த நிகழ்ச்சியிலும் தவணை என்ற பேச்சை நான் சரியாகக் கேட்டதில்லை. விலை மட்டும் ஒரு மூலையில் வரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதற்கு ஈடாக வீட்டு வரி அதிகம், சில இடங்களில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொடும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2021இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த வட்டி 2023 அக்டோபரில் 7 சதவீதத்துக்கு மேல் இருந்ததும் நீ சொன்னதுதான். எவ்வளவு நன்றாக விளக்கினாய் அன்றைக்கு! எங்கள் கிளையில் எனக்கு மேலே இருந்தவர்களில் பலருக்கு அந்தத் தெளிவு கிடையாது. அப்படிப்பட்டவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒருவருடைய சம்பளத்தில், இருவருடையதையும் சேர்த்து அன்று. சம்பளம் என்பது இன்று வருவது மட்டும் அன்று, நாளைக்கும் வர வேண்டியது.

பிப்ரவரியில் சனிக்கிழமைதோறும் வீட்டுப் படங்கள் அனுப்பினாய். ஆளில்லாத அறைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்பக்கம் மரம் நின்ற அந்த இரண்டாவது வீட்டை அப்பா தன் மனதுக்குள் வாங்கியே விட்டார். அதன் பிறகு ஒரு படமும் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இங்கே இரவு ஒன்பதரை, மருமகளிடம் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று கூப்பிட்டேன். அங்கே பகல் பதினொரு மணிக்கு நீ போனை எடுத்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஆசிரியர் அன்றைக்குப் பேச்சுவாக்கில், அங்கே விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்றார். பொது அறிவுக்காகக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் விட்ட படம் ஒன்று உண்டு. செழியனின் 'டுலெட்'. தேசிய விருது வாங்கிய படம். 2019இல் திரையரங்குக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுச் சென்னையில், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட கணவனும் மனைவியும் சிறு பையனோடு வாடகை வீடு தேடி அலைகிறார்கள். பலருக்கு அது மெதுவாகப் போகும் படம். அப்பா பாதியில் எழுந்துபோய்விட்டார். எனக்கு ஒரு நொடிகூட நீளமாகத் தெரியவில்லை. வெளியே அவனுடைய சாதி, அவனுடைய தொழில், அவனுடைய வருமானம் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள்ளே அந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தே கஷ்டப்படுகிறார்கள். எரிந்து விழுந்தாலும் விஷயம் தெரிந்து எரிந்து விழுகிறாள் அந்த மனைவி. மருமகளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன். தெரியாது என்றால் எனக்கு முன்னால் அவளிடம் சொல்.

டெக்சாஸ் ஒப்பந்தத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒப்பந்தம் ஆன சில நாள்களுக்குள், அதற்கென்று கட்டிய சிறு தொகையை விட்டுவிட்டு, காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. வீட்டை விற்பவரிடம் காரணம் சொல்ல வேண்டாம். எங்களிடம் சொல்லலாம்.

என் பெயரில் இருக்கும் வைப்புத்தொகை ஆகஸ்டில் முதிர்கிறது. இந்த முறை அதைப் புதுப்பிக்கவில்லை. சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும் என்று நினைக்கிறேன். மாடி அறைக்கு ஏசி போடவும் ஆள் சொல்லியிருக்கிறோம். யாரும் வர வேண்டும் என்பதற்காக அன்று, வெயில் இந்த ஆண்டு கடுமை. தவணை விஷயத்தை மறக்காதே, மூன்றில் ஒரு பங்கு. எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஏழு மணிக்கு, உனக்குக் காலை எட்டரை, கூப்பிடு. அப்பா அந்த நேரம் கோயிலில் இருப்பார். போனை நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா