முன்பக்கம் எல்லாம் ‘நோ’, கடைசிப் பக்கம் எல்லாம் ‘யெஸ்’: அமெரிக்காவிலுள்ள நம் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

உவர்மலை,
திருகோணமலை.

சங்க நிர்வாகிகளுக்கும் பழைய மாணவர் மன்றத்தினருக்கும் வணக்கம்.

அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். நேற்று மாலை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். இருவருக்கும் கிரீன் கார்ட் (அமெரிக்காவில் நிரந்தரமாக வதியும் அனுமதி அட்டை) கிடைத்து ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. திரும்பிப் போனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறார்கள். ஐயாவின் கையில் உங்கள் குடியுரிமை வகுப்பு ஒன்றில் கொடுத்த சிறு புத்தகம் இருந்தது. கேள்விகளும் பதில்களும் அழகாக அச்சிட்டிருந்தீர்கள். பின்னட்டையில் யாரோ சொல்லக் கேட்டு ஐயா பேனாவால் எழுதிவைத்திருந்தார்: “படிவத்தில் முன்பக்கம் எல்லாம் நோ. கடைசிப் பக்கம் எல்லாம் யெஸ்.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

குடியுரிமை நேர்காணலில் கேட்கும் குடிமையியல் கேள்விகளை நீங்கள் பாடமாக்கிக் கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களிடம் 128 கேள்விகளிலிருந்து 20 கேட்கிறார்கள். 12 சரியாக இருந்தால் போதும். அதற்கு முன் 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டார்கள். 6 சரியானால் போதும். தவறினாலும் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு முறை அழைப்பார்கள். ஆனால் படிவத்தில் உள்ள கேள்விக்குச் சத்தியம் செய்துவிட்டுப் பிழையான பதில் சொன்னவருக்கு அப்படியொரு மறுதேர்வு கிடையாது. பாடமாக்குவதற்கு ஆறு வாரம் செலவிடும் நீங்கள், படிவத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

என் கதையைச் சொல்லுகிறேன். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு விடியற்காலையில் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்து, இளைஞர்களையெல்லாம் ஒரு மைதானத்தில் இருத்தினார்கள். தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்தோம். என்னைப் பார்த்து அந்தத் தலை ஆடவில்லை. பொழுதுபட விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. நம் தலைமுறை ஆண்களில் பலருக்கு இது நடந்திருக்கிறது. அதனால் அதை யாரும் ‘கைது’ என்று சொல்வதில்லை. ‘ரவுண்டப்பில் பிடிபட்டோம்’ என்போம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தஞ்சம் கோரியபோது அந்த நாளை விரிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைப் படிவம் நிரப்பும்போது, எப்போதாவது கைது செய்யப்பட்டோ தடுத்து வைக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. உதவிக்கு இருந்தவர், “அது கள்ளர், காடையரைக் கேட்பது. நோ போடுங்கள்” என்றார். போட்டேன்.

நேர்காணல் நாளில் வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதிகாரியின் மேசையில் என் தஞ்சக் கோப்பு திறந்திருந்தது. “இதில் ஒரு நாள் முழுவதும் பிடித்து வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் இல்லை என்கிறீர்கள். எது உண்மை?” என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சத்தியத்தின் கீழ் வேண்டுமென்றே பொய் சொல்லிச் சலுகை பெற முயன்றவர் என்று முடிவானால், அந்நாட்டுச் சட்டம் அவரை நன்னடத்தை உள்ளவராகக் கொள்ளாது. நான் ஒரு சொல்லை விளங்காமல் பதில் எழுதினேன். அதிகாரியின் முன்னால் இருந்ததோ என் உயிரைக் காத்த சாட்சியத்தோடு முரண்படும் பதில். இரண்டாம் முறையும் அழைத்து விசாரித்தார்கள். குடியுரிமை கிடைத்தது. கிடைக்கும்வரை நான் தூங்கிய இரவுகள் குறைவு.

அதே படிவம் ஆயுதக் குழுக்களில் இருந்தீர்களா, அவற்றுக்கு உதவினீர்களா என்றும் கேட்கிறது. நடு இரவில் கதவைத் தட்டிச் சோற்றுப் பொதி கேட்டவர்களுக்குப் பயந்து கட்டிக்கொடுத்த தாய்மார் மூதூரிலும் சம்பூரிலும் எத்தனை பேர்? அவர்களுக்கு ‘நோ’ என்று சொல்லிக்கொடுக்க உங்களுக்கும் எனக்கும் தகுதி இல்லை. குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே போகவேண்டிய விஷயம் அது.

இனி அம்மாவின் கதை. 55 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு 15 ஆண்டுகள் இருந்தவர் தம் மொழியிலேயே நேர்காணலைச் செய்யலாம். 50 வயதானவருக்கு 20 ஆண்டுகள் வேண்டும். அறுபதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் நம் பெற்றோருக்கு இந்த விலக்கு எட்டுவதே இல்லை. அம்மாவுக்கு அப்போது 71 வயது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசித்து, ஒன்று எழுதி, கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொல்லிவிட்டார். உறுதிமொழி பற்றிய கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் நான் பழக்கியபடியே ‘யெஸ்’ என்றார். பிழை என்னுடையது. பட்டுத் தெரிந்த பிறகும் நான் அவருக்கு அந்தப் பகுதியை விளக்கவில்லை.

உறுதிமொழி எடுப்பதற்கு முதல் நாள் இரவுதான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிற அரசர், பிற அரசு எதன்மீதும் உள்ள பற்றுறுதியை முற்றாகக் கைவிடுவதாக வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். “கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேனே, அதையும் விடுவதா?” என்று கேட்டார். இல்லை அம்மா, அது அரசுகளைப் பற்றியது, சாமியைப் பற்றியது இல்லை என்றேன். பிறகு சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன் என்ற வரி வந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதற்குமா நான் யெஸ் சொன்னேன்?”

சமய நம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாதவர், அந்த வரியை விட்டு உறுதிமொழி எடுக்கக் கோரலாம். அதற்கு வழி இருக்கிறது. அதை அவர் நேர்காணலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுபத்தொரு வயதுப் பெண்ணிடம் யாரும் துப்பாக்கியைக் கொடுக்கப்போவதில்லை என்று சமாதானம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. காலையில் கிரீன் கார்டைக் கையளித்து, கையை உயர்த்தி, அந்த வரியையும் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

இலங்கைப் பக்கத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் நம்முடையது அற்றுப்போகும். முன்கூட்டியே விண்ணப்பித்துத் தக்கவைக்கவோ, பின்னர் விண்ணப்பித்து மீளப்பெறவோ சட்டத்தில் இடமுண்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விசா எடுத்தவர்களின் வரிசையில் நின்றபோதுதான் அம்மாவுக்கு அது உறைத்தது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த வகுப்பில் கேள்விப் புத்தகத்தை ஒரு கிழமை மூடிவையுங்கள். படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும், உறுதிமொழியின் ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாக வாசியுங்கள். தடுத்து வைத்தல் என்றால் ரவுண்டப்பும் அதில் அடங்குமா என்று வழக்கறிஞரிடம் கேட்கும்படி நம்மவர்களுக்குச் சொல்லுங்கள். நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் முழுவதையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சட்ட ஆலோசனை அல்ல, விளங்கிக்கொள்வதற்கு மட்டும். எந்தச் சங்கம் கேட்டாலும் படியெடுத்து அனுப்புவேன்.

நேற்று வந்த ஐயாவிடம், ஊருக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். பங்குனியில் பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கென்று முன்கூட்டியே வந்து, அப்படியே நின்றுவிட்டார்களாம். விரல் விட்டு எண்ணினோம், ஐந்தரை மாதம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே தொடராக வெளியே நின்றால் வதிவின் தொடர்ச்சி முறிந்ததாகக் கொள்ளப்படலாம், ஐந்து ஆண்டு காத்திருந்ததற்கே பங்கம் வரலாம் என்றேன். அம்மா உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவருவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். இன்று காலை டிக்கெட்டை முன்தள்ளி மாற்றப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரான் ஒருவன்